சொல்லுக்குப் பிணை தேடியவர்

ஒரு சொல் மாறினால் கவிதையே மாறிவிடும் என்பதை நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உலக நாடுகள் கூடி வரைந்த சாசனத்தில் ஒரு சொல்லை மாற்றியவர் ஒருவர் உண்டு. அவரும் இலக்கியக் குடும்பத்தில் பிறந்தவரே. அவர் ஹன்ஸா மேத்தா அம்மையார்.

1897 ஜூலை 3 அன்று சூரத்தில் பிறந்தார். குஜராத்தியின் முதல் நாவலாகக் கருதப்படும் 'கரண் கேலோ'வை எழுதிய நந்தசங்கர் மேத்தா இவருடைய பாட்டனார். தந்தை மனுபாய் மேத்தா பரோடாவின் திவான். பரோடாவில் தத்துவம் பயின்றபின் இலண்டன் சென்றார். அங்கேதான் சரோஜினி நாயுடுவின் நட்பு வாய்த்தது. நாகர் பிராமண குலத்தவரான இவர், வணிகர் குலத்து மருத்துவர் ஜீவராஜ் மேத்தாவை மணந்தபோது சாதியார் கொதித்தெழுந்தனர். அம்மையார் அசையவில்லை. 1930இலும் 1932இலும் விடுதலைப் போரில் சிறை சென்றார். இவற்றுக்கிடையே குழந்தைகளுக்கு நூல்கள் எழுதினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டைக் குஜராத்திக்குக் கொண்டுவந்தார். மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சொல்லின் எடை தெரியும் அன்றோ!

1947இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையத்தில் இந்தியாவின் பிரதிநிதியாக அமர்ந்தார். வரைவின் முதற்பிரிவு ஆடவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாலேயே மனிதகுலம் முழுவதையும் சுட்டியது. தமிழில் மக்கள், மாந்தர் என்னும் சொற்கள் இருபாலுக்கும் பொதுவாதலின் நமக்கு இத்தொல்லை அவ்வளவாக விளங்காது. அச்சொல் பெண்டிரையும் அடக்கும் என்பதே தலைவர் எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரின் எண்ணம். நாளை ஏதேனும் ஓர் அரசு அதையே சாக்காக்கிப் பெண்களை விலக்கிவிடலாம் என்று ஹன்ஸா அஞ்சினார். மனிதர் அனைவரையும் குறிக்கும் சொல்லே இறுதியில் நின்றது. 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் பிரகடனம் நிறைவேறியது. ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை, 8 நாடுகள் நடுநிலை வகித்தன.

இந்நிகழ்ச்சியைப் பலரும் சொல்வர். ஆயினும் அவருடைய பெரும் போராட்டம் வேறு என்பதே என் கருத்து. எழுதிய உரிமையை நிறைவேற்றுவது யார் என்ற வினா அவரை விடவில்லை. 1947 டிசம்பரில் ஜெனீவாவில் இதனை ஆராய அமைந்த செயற்குழுவுக்கு அவரே தலைமை ஏற்றார். அரசுகளோ கட்டுப்படுத்தும் உடன்படிக்கையைத் தள்ளிப்போட்டு, கட்டுப்படுத்தாத பிரகடனத்தோடு அப்போதைக்கு நிறைவு கொண்டன. உடன்படிக்கைகள் 1966 வரை காத்திருந்தன.

வியப்பு யாதெனில், அதே ஆண்டில் டெல்லியிலும் அவர் இதே வழக்கைத் தொடுத்திருந்தார். அரசியல் நிர்ணய சபையின் அடிப்படை உரிமைத் துணைக்குழுவில், பொது உரிமையியல் சட்டத்தை நீதிமன்றத்தால் நிறைவேற்ற முடியாத நெறிகளுள் தள்ளியபோது, அம்ருத் கௌர், மினு மசானி ஆகியோருடன் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். அங்கும் வெற்றியில்லை. பன்னாட்டு உடன்படிக்கைகளை மதிக்கச் சொல்லும் 51ஆம் பிரிவும் அந்நெறிகளின் வரிசையிலேயே இடம்பெற்றது. உடன்படிக்கையில் அரசு ஒப்பமிடலாம். அதனாலேயே அது உள்நாட்டுச் சட்டம் ஆகிவிடாது. அதற்கு, 253ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும்.

1949 முதல் பரோடா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராய் விளங்கினார். இருபாலரும் பயிலும் இந்தியப் பல்கலைக்கழகத்தில் அப்பதவி ஏற்ற முதற்பெண் அவரே. அவர் வாழ்நாளிலேயே நீதிபதிகள் சட்டத்தின் இடைவெளியைத் தொடத் தொடங்கினர். குடிமை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1979இல் ஏற்றது. மறு ஆண்டே, ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், உடன்படிக்கை தானே சட்டமாகாது என்று ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றம், அதன் ஒளியில் உள்நாட்டுச் சட்டத்துக்குப் பொருள் கண்டது. கடன் தீர்க்க வழியற்றவரை அவ்வறுமைக்காகவே சிறையில் இடலாகாது என்று தீர்ப்பளித்தது.

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை இந்தியா 1993இல் ஏற்றபோது, எச்சமூகத்தின் தனிவாழ்வு வழக்கங்களிலும் அவர்களது இசைவின்றித் தலையிடுவதில்லை என்றோர் அறிவிப்பையும் உடன் இணைத்தது. துணைக்குழுவில் மாறுபட்டு எழுதிய அம்மையாருக்கு அப்போது வயது 96. அச்செய்தி அவர் செவிக்கு எட்டியிருந்தால் என்ன எண்ணியிருப்பாரோ!

1995 ஏப்ரல் 4 அன்று மறைந்தார். இரண்டாண்டுகள் கழித்து, 1997 ஆகஸ்டில், பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கச் சட்டம் இல்லாத நிலையில், உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் அதே உடன்படிக்கையைத் துணைக்கொண்டு நெறிமுறைகள் வகுத்தது. நாடாளுமன்றம் அதற்கெனச் சட்டம் இயற்றியது 2013இல்.