பெயரைத் திருப்பிப் போட்டு அட்டைப்படம் வரைந்த பிரபு வீட்டுப் பிள்ளை

பாரிஸ் நகரத்தில் 1885-ம் ஆண்டு ஒரு பாட்டுப் பத்திரிகை தொடங்கியது. பெயர் 'மிர்லித்தோன்'. பிள்ளைகள் ஊதுகிற பீப்பீக்கு அந்த ஊரில் அதுதான் பெயர்.

1887-ல் வந்த ஓர் இதழின் அட்டையில் ஒரு படம். தெருவில் ஒரு சவ ஊர்வலம் போகிறது. ஓரத்தில் நிற்கும் ஏழைத் தொழிலாளி தொப்பியைக் கழற்றி மரியாதை செய்கிறான். அவ்வளவுதான் படம். பார்த்தவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

படம் போட்டவர் பெயர் த்ரெக்லோ. யார் இந்த த்ரெக்லோ? அப்படி ஒரு ஓவியர் பாரிசில் கிடையாது. பெயரைத் திருப்பிப் போட்டால் குட்டு வெளியே வந்துவிடும். த்ரெக்லோ... லோத்ரெக்!

பிரான்ஸ் நாட்டின் பழம்பெரும் பிரபு வம்சத்தில் வந்த ஆன்ரி துலூஸ் லோத்ரெக்தான் அவர். சொந்தப் பெயரைப் போடக்கூடாது என்று அவருக்குத் தடை. தடை போட்டவர் வேறு யாருமில்லை, பெற்ற அப்பாதான்.

இரண்டு முறை விழுந்தார்

லோத்ரெக் 1864-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி தெற்கு பிரான்சில் ஆல்பி என்ற ஊரில் பிறந்தார். அப்பா அல்போன்ஸ் பிரபு. வேட்டை, குதிரை, வல்லூறு என்றால் உயிர். அம்மா அதேல். இருவரும் அக்காள், தங்கை பெற்ற பிள்ளைகள். நம் வழக்கப்படி பார்த்தால் அண்ணன், தங்கை முறை. அங்கே அது தடையில்லை.

13 வயதில் வீட்டு நாற்காலியில் இருந்து விழுந்தார் ஆன்ரி. இடது தொடை எலும்பு முறிந்தது. அடுத்த ஆண்டு அம்மாவோடு நடந்து போகும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தார். இப்போது வலது தொடை.

எலும்பு கூடியது. ஆனால் கால்கள் வளரவில்லை. உடம்பு பெரிய மனுஷன் உடம்பு. கால் மட்டும் சின்னப் பையன் கால். உயரம் 5 அடிகூட இல்லை. பரம்பரையாக வரும் எலும்பு நோயே காரணம் என்று பின்னாளில் டாக்டர்கள் கருதினார்கள்.

குதிரை ஏறி வேட்டைக்கு வரமுடியாத மகன் மீது அப்பாவுக்குப் பிடிப்பு விட்டுப்போனது. படுக்கையில் கிடந்த பையனுக்குத் துணை இரண்டே இரண்டு. ஒன்று அம்மா. இன்னொன்று பென்சில்.

திட்டு வாங்க வந்த பணக்காரர்கள்

1882-ல் ஓவியம் கற்க பாரிசுக்கு வந்தார். கொர்மோன் என்ற ஓவியரின் பட்டறையில் சேர்ந்தார். 1886-ல் அங்கே படிக்க வந்த ஒரு ஹாலந்துக்காரரும் நண்பரானார். அவர்தான் வான்கோ. அப்போது இருவரையும் உலகத்துக்குத் தெரியாது.

லோத்ரெக் குடியிருந்தது மோன்மார்த் பகுதியில். மதுக்கடையும் நடனக் கொட்டகையும் நிறைந்த இடம். அங்கே அரிஸ்தீத் புருவான் என்ற பாடகர் ஒரு பாட்டு விடுதி நடத்தினார். கறுப்பு உடை, அகலத் தொப்பி, கழுத்தில் சிவப்புத் துண்டு. வருகிற பணக்காரர்களை வாசலிலேயே கன்னாபின்னா என்று திட்டுவார். திட்டு வாங்கவே கூட்டம் கூடியது!

பாட்டு என்னவோ சிரிப்புப் பாட்டு இல்லை. பிச்சைக்காரன், திருடன், தெருவில் நிற்கும் பெண், ஜெயில் கைதி, இவர்கள் கதைதான். அந்தப் பாட்டுகளை ஊருக்குக் கொண்டுபோக அவர் நடத்திய பத்திரிகைதான் மிர்லித்தோன்.

அதற்குப் படம் வரைய லோத்ரெக் சம்மதித்தார். விடுதிச் சுவரிலும் அவர் படங்களை மாட்டி வைத்தார் புருவான்.

சேதி அப்பா காதுக்கு எட்டியது. குடிகாரனையும் தெருப் பெண்ணையும் வரைந்து அதன் கீழே குடும்பப் பெயரைப் போடுவதா என்று கொதித்தார். மாதா மாதம் பணம் வீட்டில் இருந்துதான் வரவேண்டும். மகன் எதிர்த்துப் பேசவில்லை. வரைவதையும் நிறுத்தவில்லை. பெயரை மட்டும் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஒரே ராத்திரியில் புகழ்

பெரிய வாய்ப்பு 1891-ல் வந்தது. 'மூலான் ரூஜ்' என்ற நடன விடுதிக்கு ஒரு சுவரொட்டி தேவைப்பட்டது. லோத்ரெக்கிடம் கேட்டார்கள். ஆள் உயரச் சுவரொட்டி. நடுவில் காலைத் தூக்கி ஆடும் லா கூலு என்ற நடனக்காரி. சுற்றி நிற்கும் கூட்டம் வெறும் கறுப்பு நிழல். சுமார் 3 ஆயிரம் சுவரொட்டிகள் பாரிஸ் சுவர்களில் ஏறின. கீழே சொந்தப் பெயர். மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு.

1892-ல் புருவான் ஒரு பெரிய கொட்டகையில் பாட ஒப்புக்கொண்டார். சுவரொட்டி போட்டவர் லோத்ரெக். கறுப்பு அங்கி, சிவப்புத் துண்டு, முறைக்கிற முகம், வேறு ஒன்றும் இல்லை. கொட்டகை முதலாளிக்குப் பிடிக்கவில்லை. புருவான் விடவில்லை. இந்தப் படத்தை ஒட்டாவிட்டால் மேடை ஏறமாட்டேன் என்று அடம் பிடித்தார். ஒட்டினார்கள்.

முகமே இல்லாத அட்டை

பாட்டுப் புத்தக அட்டைகளும் நிறைய வரைந்தார். ஆபரா இசைக்குழுவில் பாசூன் வாசித்த தெசிரே திஓ அவருக்குத் தூரத்துச் சொந்தம். அவர் மெட்டுப் போட்ட பாட்டுகளுக்கு லோத்ரெக்தான் அட்டை.

எல்லாம் லித்தோ அச்சு. வழவழப்பான கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் வரைய வேண்டும். பிறகு கல்லை ஈரமாக்கி மை உருட்டினால், பசை இருக்கும் இடத்தில் மட்டும் மை பிடிக்கும். வர்ணத்துக்கு ஒரு கல். அதனால் குறைந்த வர்ணம், பெரிய உருவம், தூரத்திலேயே தெரிகிற கோடு என்று கணக்குப் போட்டு வரைந்தார். பல் துலக்கும் பிரஷ்ஷை மையில் தோய்த்துத் தெளித்து, தூவானம் போல் நிழல் விழவைத்தார். ராத்திரி முழுக்கக் கொட்டகையில் இருந்துவிட்டு, தூங்காமலே காலையில் அச்சகத்துக்கு வந்து நிற்பார்.

1894-ல் இவெத் கில்பேர் என்ற பாடகி பற்றி 16 படங்கள் கொண்ட புத்தகம் வந்தது. 100 பிரதிகள்தான் அச்சாயின. முழங்கைக்கு மேல் ஏறும் கறுப்புக் கையுறைதான் அந்த அம்மாவின் அடையாளம். அட்டையில் லோத்ரெக் என்ன வரைந்தார் தெரியுமா? கழற்றிப் போட்ட அந்தக் கறுப்புக் கையுறை மட்டும்! பாடகி முகமே இல்லை. ஆனாலும் யார் என்று பாரிசில் எல்லோருக்கும் புரிந்தது.

உள்ளே இருந்த படங்களில் பாடகி அழகாக இல்லை என்று அவரைச் சேர்ந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஆனால் 100 பிரதியிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் அந்தப் பாடகி.

குடி கெடுத்தது

இத்தனை திறமையும் குடியில் கரைந்தது. நடக்க வைத்திருந்த கைத்தடியையே குடைந்து, உள்ளே சாராயம் வைத்திருந்தார். 1899-ல் மனநிலை கெட்டது. வீட்டார் மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அங்கிருந்து வெளியே வர அவருக்கு வக்கீல் தேவைப்படவில்லை. சின்ன வயதில் பார்த்த சர்க்கசை நினைவில் இருந்தே வரைந்தார். குதிரை, கோமாளி, கரடி என்று 39 படங்கள். கை நடுங்கவில்லை, புத்தியும் தெளிவு என்று டாக்டர்கள் கண்டார்கள். சில வாரங்களில் விட்டுவிட்டார்கள்.

ஆனால் குடி மறுபடி பிடித்துக்கொண்டது. 1901-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி, தாயாரின் மல்ரோமே மாளிகையில் உயிர் பிரிந்தது. வயது 36 தான்.

மகன் வரைந்ததை எல்லாம் அம்மா குப்பையில் போடவில்லை. நண்பர் மொரிஸ் ழுவாயானோடு சேர்ந்து, பிறந்த ஊரான ஆல்பிக்கே கொடுத்தார். 1922-ல் அங்கே காட்சிசாலை திறந்தது. இன்று உலகத்தின் நாலு திசையில் இருந்தும் ஆட்கள் அதைத் தேடிப் போகிறார்கள்.

அதன் வாசலில் இருக்கும் பெயர் துலூஸ் லோத்ரெக். பாட்டுப் பத்திரிகையில் போடக்கூடாது என்று அப்பா தடுத்தாரே, அதே பெயர்தான். அந்த வம்சத்துப் பிரபுக்களில் மற்றவர்களை யாருக்கும் ஞாபகம் இல்லை.