நாடகத் தலைமையாசிரியர்

புதுச்சேரிக் கருவடிக்குப்பத்தில் ஒரு நினைவிடம் உள்ளது. ஆண்டுதோறும் நவம்பர் 13ஆம் நாள் நாடகக் கலைஞர்கள் அங்குக் கூடி மலர் தூவி வணங்குகின்றனர். அங்கே உறங்குபவர் தவத்திரு சங்கரதாசு சுவாமிகள்.

1867ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தாமோதரனார், பேச்சியம்மாள் இணையருக்கு அவர் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். சிலகாலம் உப்பு நிறுவனமொன்றில் கணக்கராக இருந்து, இருபத்து நான்காம் வயதில் நாடகத்திற்கு வந்தார்.

இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்களே அவருக்கு வாய்த்தன. சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்டு, அங்கிருந்த பெண்ணொருத்தி அஞ்சி உயிர்விட்டாள் என்று நாடக உலகில் வழிவழியாகக் கூறுவர். அதன்பின் அவர் நடிப்பைக் கைவிட்டு ஆசிரியரானார். அவ்விழப்பே தமிழ் நாடகத்திற்கு ஆக்கமாயிற்று.

அக்கால மேடையில் நடிகர் நினைத்ததே உரையாடல். குறிப்பாக, நகைச்சுவைப் பகுதி வரம்பின்றிப் போவதுண்டு. சுவாமிகள் பாடலையும் உரையாடலையும் எழுதி வரையறுத்தார். பெரியவர்கள் அதற்குக் கட்டுப்படவில்லை. எனவே சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்த முற்பட்டார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எசு. சகோதரர்கள் பயின்றனர். சிறுவன் சண்முகத்திற்காக அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் ஒரே இரவில் எழுதி முடித்தார்.

புராணக் கதைகளோடு அவர் நின்றுவிடவில்லை. சேக்சுபியரின் ரோமியோ சூலியட்டையும், வடமொழி மிருச்சகடிகத்தையும் தமிழ் மேடைக்குத் தந்தார். மிருச்சகடிகம் வறுமையுற்ற வணிகன் சாருதத்தன், கணிகை வசந்தசேனை ஆகியோரின் காதல் கதை. அதில் ஒருவன், தான் விரும்பும் அடிமைப் பெண்ணை மீட்கும் பொருளுக்காகத் திருடுகிறான். காதலியை மீட்கப் பணமின்றித் தவிக்கும் இளைஞனை உரோமானிய நாடக ஆசிரியர் பிளாட்டசின் இன்பியல் நாடகங்களிலும் காணலாம். இதனால் மிருச்சகடிகத்தில் கிரேக்க இன்பியலின் சாயல் உண்டென்று ஐரோப்பிய அறிஞர் சிலர் வாதிட்டனர். வேறு சிலர் மறுத்தனர். வழக்கு எவ்வாறாயினும், பிளாட்டசின் இரட்டையர் நாடகத்தைத் தழுவிச் சேக்சுபியர் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதியது ஐயத்திற்கு இடமற்றது. பழைய சரக்கைத் தம் மண்ணுக்கேற்பப் புதுக்கும் அத்தொழிலையே சுவாமிகளும் செய்தார்.

அவருடைய வள்ளி திருமணத்தில் முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்து வள்ளியிடம் வாதாடுகிறான். பிளாட்டசின் ஆம்பிட்ரியோ நாடகத்திலும் தெய்வம் மனித உருவெடுத்துக் காதலுக்காக வருகிறது. இவ்விரண்டிற்கும் தொடர்பேதும் இல்லை. ஆயினும், தெய்வம் வேடமிட்டு வந்தால் இரு நாட்டவரும் சிரிக்கின்றனர். முருகனும் வள்ளியும் நிகழ்த்தும் அத்தருக்கத்தில் பக்தியும் நகையும் பிரிக்க இயலாதவாறு கலந்துள்ளன.

1921இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. பிறருக்கு உரையாடல் எழுதிக் கொடுத்தவர் பேச்சை இழந்தார். அந்நிலையிலும் சபையை விட்டு அவர் பிரியவில்லை. மறு ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் அவர் உயிர் பிரிந்தது.

வள்ளி திருமணம் தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடைபெறுகிறது. முதலில் பபூன் மேடையேறிக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறார். பின்னரே வள்ளி தினைப்புனத்திற்கு வருகிறாள்.