ஞாயிற்றை ஐயுற்ற மருத்துவர்

காப்பியத்தின் முகப்பிலேயே ஞாயிற்றை வாழ்த்திய மரபு நமது. தைத் திங்கள் முதல் நாளில் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய முற்றங்களிலும் கதிரவனுக்குப் பொங்கல் படைக்கக் காண்கின்றேன். அந்தக் கதிரவன்மீதே குற்றஞ்சாட்டி, அதனை மெய்ப்பித்தும் காட்டிய ஒருவரின் வாழ்க்கையை ஈண்டு எழுத விழைகின்றேன்.

அவர் பெயர் ஆங்கெல் ரொஃபோ. ஆர்ஜென்டீனா நாட்டின் தலைநகராகிய புவெனோஸ் அயர்ஸில் 1882ஆம் ஆண்டு பிறந்தார். மருத்துவம் கற்றுத் தேர்ந்து, புற்றுநோய் ஆராய்ச்சியையே வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். அவரது முயற்சியால் 1922இல் அந்நகரிற் புற்றுநோய்க்கென ஒரு நிலையம் எழுந்தது. மனைவி ஹெலேனா லரோக் அப்பணியில் அவருக்குத் துணைநின்றார். அந்நிலையம் இன்றும் ரொஃபோவின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

வெயிலை உலகம் கொண்டாடிய காலம் அது. தோலிற் பற்றும் காசநோயை ஒளியாற் குணப்படுத்திய டென்மார்க்கு மருத்துவர் பின்சன் 1903இல் நோபெல் பரிசு பெற்றிருந்தார். வெயிற் குளியல் மேனாடுகளில் மருந்தாகவும் நாகரிகமாகவும் பரவியது. ரொஃபோவோ தம்மிடம் வந்த நோயாளரை உற்றுநோக்கினார். தோற் புற்று முகம், கை முதலிய திறந்த இடங்களிலேயே மிகுதியாகக் கண்டது. அவ்விடங்களில் ஓயாது விழுவது வெயிலன்றோ என்ற ஐயம் அவருக்குப் பிறந்தது.

1928இல் இலண்டனிலே பின்ட்லே என்பார் பாதரச ஆவி விளக்கின் ஊதாக் கடந்த கதிர்களைச் சுண்டெலிகள்மீது செலுத்தி, அவற்றின் தோலிற் புற்று எழுவதைக் காட்டியிருந்தார். ஆயினும் விளக்கு வேறு, வானத்து ஞாயிறு வேறு. எனவே ரொஃபோ வெள்ளை எலிகளை வெயிலிலேயே மாதக்கணக்காக வைத்துப் பார்த்தார். மயிர் அடர்ந்து மூடாத காது முதலிய இடங்களிற் புற்று எழுந்தது. சாளரக் கண்ணாடியூடே வெயில் பெற்ற எலிகளுக்கோ அது எழவில்லை. கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும். குறுகிய ஊதாக் கடந்த கதிர்களை மறித்துவிடும். கண்ணுக்குத் தோன்றாத அக்கதிர்களே நோய்க்குக் காரணம் என்பது இவ்வெளிய சோதனையால் விளங்கிற்று. 1934இல் இம்முடிவை அவர் வெளியிட்டார்.

வெயில் படும் தோலிற் சேரும் கொலஸ்திரோலே புற்றுக்கு வழிசெய்கிறது என அவர் விளக்கினார். அவ்விளக்கம் நிலைக்கவில்லை, சோதனை நிலைத்தது. உயிரணுவின் மரபுப் பொருளை அக்கதிர்கள் சிதைக்கின்றன என்பதைப் பின்வந்தோர் கண்டனர். 1992இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், வெயில் மனிதர்க்குப் புற்று விளைப்பதே என அறுதியிட்டது. புகையிலைத் தாரை முயலின் காதிலே தடவி, அதன் கொடுமையை 1930களிலேயே காட்டியவரும் ரொஃபோவே. ஆனால் ஸ்பானியத்திலும் ஜெர்மனிலும் அவர் எழுதியவற்றை ஆங்கிலம் பயின்ற உலகம் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1947இல் அவர் மறைந்தார்.

கரிய மேனியராகிய நமக்கு இக்கதை எதற்கு என்று சிலர் வினவலாம். நம் தோலின் நிறமி இயற்கை பிடித்த குடை. அக்குடையின்றிப் பிறக்கும் வெண்தோற் பிள்ளைகள் நம்மிடையேயும் உளர். காலைக் கூட்டத்தில் அவர்களையும் வெயிலில் நிறுத்துகின்றோம்; சீருடை விதியைச் சொல்லித் தொப்பியைக் கழற்றச் செய்கின்றோம். ஆசிரியப் பெருமக்களை நான் வேண்டுவது இதுவே: அப்பிள்ளைகளுக்கு நிழலில் இடம் கொடுங்கள், தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் அணிய விடுங்கள். எலிகளுக்கு ஒரு கண்ணாடி செய்த காவலை நம் பிள்ளைகளுக்கு நாம் செய்தல் அரிதன்று.