நான்காம் எண் சட்டை

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில் யார்க்வில் என்றொரு பகுதி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குக் கடைகளிலும் தேவாலயங்களிலும் ஜெர்மன் மொழியே மிகுதியாக ஒலித்தது. பிழைப்புத் தேடிக் கடல்கடந்து வந்த குடும்பங்கள் அங்கு நெருக்கமாக வாழ்ந்தன. ஹைன்ரிக் கெரிக், கிறிஸ்டினா இணையரும் அவ்வாறு வந்தவர்களே. அவர்களுக்கு 1903ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. ஹென்றி லூயி என்று பெயரிட்டனர். உலகம் பின்னாளில் லூ கெரிக் என்று அறிந்தது அக்குழந்தையைத்தான்.

நான்கு பிள்ளைகளைப் பெற்ற கிறிஸ்டினாவுக்கு எஞ்சியவர் லூ ஒருவரே. மற்ற மூவரும் சிறு வயதிலேயே இறந்தனர். தந்தை உலோகத் தகட்டு வேலை அறிந்தவர். ஆயினும் நோயினாலும் வேலையின்மையாலும் அவர் வீட்டில் இருந்த நாள்களே மிகுதி. ஆகவே, குடும்பப் பாரம் தாயின் தோளில் விழுந்தது. பிறர் வீடுகளில் சமைத்தார், துணி துவைத்தார், தரை துடைத்தார். மகன் பொறியியல் படித்து, கைகளில் அழுக்குப் படாத வேலையில் அமரவேண்டும் என்பதே அவருடைய ஒரே எண்ணம். வீட்டில் ஜெர்மன், தெருவில் ஆங்கிலம் என்று வளர்ந்த சிறுவன் தெருவில் கற்றது மொழியை மட்டுமன்று. பேஸ்பால் ஆட்டத்தையும் அங்கேதான் கற்றான்.

அவ்வாட்டத்தைத் தாய் விரும்பவில்லை. பெரியவர்கள் மட்டையும் பந்தும் ஏந்தி நாளைக் கழிப்பது அவருக்குப் புரியாத செயலாகவே இருந்தது. 1920ஆம் ஆண்டு, லூ பயின்ற உயர்நிலைப் பள்ளியின் அணி சிகாகோ நகரப் பள்ளி அணியோடு மோத அழைக்கப்பட்டபோது, மகனை அனுப்ப அவரை இசையச் செய்வதே பெரும்பாடாயிற்று. ஆட்டம் நடந்ததோ தொழில்முறை அணியினர் ஆடும் பெரிய மைதானம். இறுதிச் சுற்றில் மூன்று தளங்களிலும் தம் அணியினர் காத்து நிற்க, பதினேழு வயது லூ அடித்த பந்து மைதானத்தின் எல்லையையே தாண்டி வெளியே சென்று விழுந்தது. அந்நகரச் செய்தித்தாள்கள் அச்சிறுவனின் பெயரை அச்சிட்டன.

அதன்பின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் வகுப்பில் சேர்ந்தார். அப்பல்கலைக்கழக மாணவர் விடுதி ஒன்றில் தாய் சமையற்பணி செய்து வந்தார். கல்லூரியில் சேரும் முன்பே, 1921ஆம் ஆண்டுக் கோடையில், ஹார்ட்ஃபோர்டு நகரத் தொழில்முறை அணிக்காக வேறொரு பெயரில் சில ஆட்டங்கள் ஆடியிருந்தார். பணம் பெற்று ஆடியவர் கல்லூரி அணியில் ஆடுதல் விதிக்குப் புறம்பானது. செய்தி வெளிப்பட்டது, ஓராண்டுக் காலம் கல்லூரி விளையாட்டுகளிலிருந்து விலக்கப்பட்டார். 1923ஆம் ஆண்டு மீண்டும் களம் புகுந்த அவருடைய ஆட்டத்தை, நியூயார்க் யாங்கீஸ் அணிக்குத் திறமையாளரைத் தேடி அலைந்த பால் கிரிச்செல் கண்டார். ஒப்பந்தத்தோடு 1500 டாலர் முன்பணம் வந்தது. வீட்டு நிலையை எண்ணிய லூ படிப்பை விட்டார். கிறிஸ்டினாவின் பொறியாளர் கனவு அத்துடன் முடிந்தது.

எண்களின் மொழி

கெரிக்கின் தொடக்க ஆண்டுகளை அறிய வேண்டுமாயின் பேஸ்பால் கணக்கைச் சிறிது அறிதல் வேண்டும். கிரிக்கெட்டில் ஒருவர் எடுத்த மொத்த ஓட்டங்களை அவர் ஆட்டமிழந்த முறைகளால் வகுத்துச் சராசரி காண்கிறோம். பேஸ்பாலில் அவ்வாறன்று. அங்கு ஒருவர் மட்டை பிடித்த வாய்ப்புகளுள் எத்தனையில் பந்தை அடித்துத் தளத்தை வென்றார் என்பதே கணக்கு. பந்தெறிபவரின் பிழையால் இலவசமாகக் கிடைக்கும் தளம் இக்கணக்கில் சேர்வதில்லை. பத்து வாய்ப்புகளில் மூன்றில் வென்றால் சராசரி 0.300. அந்த எண்ணைத் தொடுபவர் சிறந்த மட்டையாளர் எனப் போற்றப்படுவார். அதாவது, பத்தில் ஏழுமுறை தோற்பவரே அங்குச் சிறந்தவர்! இவ்வாட்டத்தின் கடுமையை உணர்த்த இதுவே போதும்.

அடியிலும் வகை உண்டு. மைதானத்தில் நான்கு தளங்கள் சாய்சதுரமாக அமைந்திருக்கும். அடித்தவர் முதல் தளம்வரை ஓடினால் ஒருதள அடி. அடுத்ததை எட்டினால் இருதள அடி. பின்னது முத்தள அடி. நான்கு தளங்களையும் ஒரே அடியில் சுற்றி வந்தால் அது ஹோம் ரன். பெரும்பாலும் பந்து எல்லைச் சுவரைத் தாண்டுவதால் வாய்ப்பது இது.

யாங்கீஸ் அணியில் 1923ஆம் ஆண்டு 13 ஆட்டங்களில் மட்டுமே லூ களமிறங்கினார். 26 வாய்ப்புகளில் 11 அடிகள், சராசரி 0.423. அடுத்த ஆண்டு 12 வாய்ப்புகளில் 6 அடிகள். வியக்கத்தக்க எண்கள்தாம். எனினும், இவ்வளவு சிறிய கணக்கைக் கொண்டு ஒருவரை அளப்பது ஒரு கைப்பிடி மழைநீரைக் கொண்டு பருவத்தை அளப்பதை ஒக்கும். அணியின் மேலாளர் மில்லர் ஹக்கின்ஸ் அதனை அறிந்தவர். முதல் தளத்தைக் காக்கும் இடத்தில் வாலி பிப் என்னும் தேர்ந்த ஆட்டக்காரர் இருந்தார். ஆகவே, இளைஞரை மீண்டும் ஹார்ட்ஃபோர்டுக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தார். 1924இல் அங்கு 134 ஆட்டங்களில் லூ அடித்த ஹோம் ரன்கள் 37.

1925ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், ஒருவருக்கு மாற்றாக மட்டை பிடிக்க லூ அழைக்கப்பட்டார். மறுநாள், சோர்ந்து கிடந்த அணியைத் தட்டியெழுப்ப எண்ணிய ஹக்கின்ஸ் பிப்பை அமர்த்திவிட்டு முதல் தளத்தில் லூவை நிறுத்தினார். அன்று பிப்புக்குத் தலைவலி என்றும், அவர் ஓய்வு கேட்டதால் இடத்தை இழந்தார் என்றும் ஒரு கதை இன்றளவும் உலவுகிறது. கேட்கச் சுவையான கதை. ஆனால், அன்று பிப் மட்டுமல்லர், அணியின் வேறு சிலரும் சேர்ந்தே மாற்றப்பட்டனர் என்பதை அக்கதை சொல்வதில்லை. அவ்வாண்டு லூவின் சராசரி 0.295, ஹோம் ரன்கள் 20. 1926இல் சராசரி 0.313 ஆக உயர்ந்தது. 47 இருதள அடிகளும் 20 முத்தள அடிகளும் அவர் மட்டையிலிருந்து பிறந்தன. அவர் ஆடிய அமெரிக்கன் லீக்கில் அவ்வாண்டு அவரைவிட மிகுதியான முத்தள அடிகளை எவரும் அடிக்கவில்லை. பருத்த உடலும் தடித்த கால்களும் கொண்ட ஒருவர் இதனைச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது. முத்தள அடிக்குத் தோள்வலிமை மட்டும் போதாது, கால்விரைவும் வேண்டும்.

1927

அடுத்த ஆண்டு 1927. அமெரிக்கர் அவ்வாண்டை நினைவுகூரும்போது ஒரே ஓர் எண்ணையே சொல்வர்: 60. பேப் ரூத் என்னும் மாவீரர் அப்பருவத்தில் அடித்த ஹோம் ரன்கள் அவை. ரூத் வாயாலும் சிரிப்பாலும் ஊரைக் கூட்டுபவர். அவருக்கு அடுத்து மட்டை பிடித்தவர் கெரிக், கூச்சமுள்ளவர், ஆட்டம் முடிந்ததும் தாய் சமைத்த உணவை உண்ண வீடு திரும்புபவர். செப்டம்பர் தொடங்கும்வரை இருவருடைய ஹோம் ரன் எண்ணிக்கையும் ஏறத்தாழ இணையாகவே சென்றது. ஆகஸ்டில் சில நாள்கள் கெரிக்கே முன்னே நின்றார். பின்னர் ரூத் அந்த ஒரே மாதத்தில் 17 அடித்து அறுபதைத் தொட்டார். கெரிக் 47இல் நின்றார். அந்நாள்களில் கிறிஸ்டினா நோயுற்றிருந்தார். மகனின் மனம் முழுவதும் மைதானத்தில் இல்லை.

ஆனால், முழுக் கணக்கையும் விரித்துப் பார்ப்போர்க்கு வேறொரு காட்சி தோன்றும். அவ்வாண்டு கெரிக் 584 வாய்ப்புகளில் 218 அடிகள் அடித்தார்; சராசரி 0.373. அவற்றுள் ஒருதள அடிகள் 101, இருதள அடிகள் 52, முத்தள அடிகள் 18, ஹோம் ரன்கள் 47. ஒருதள அடிக்கு ஒன்று, இருதள அடிக்கு இரண்டு என்ற முறையில் பெருக்கிக் கூட்டினால் அவர் வென்ற தளங்கள் 447. அதே முறையில் ரூத் வென்றவை 417. தளங்களை எண்ணினால், அறுபதைத் தொட்டவரைவிட நாற்பத்தேழில் நின்றவர் முப்பது தளங்கள் மிகுதியாக வென்றிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ஓர் அடியினால் தளங்களில் நிற்கும் தம் அணியினரை ஓட்டம் எடுக்கச் செய்வது மட்டையாளரின் தலையாய கடமை. அவ்வகையில் கெரிக் சேர்த்த ஓட்டங்கள் 173. ரூத் ஒவ்வொரு முறை ஹோம் ரன் அடித்தபோதும் தளங்களில் நின்றவர் அனைவரும் வீடு சேர்ந்துவிடுவர். அடுத்து வந்த கெரிக்கின் முன் வெற்றுத் தளங்களே கிடக்கும். அறுபது முறை அவ்வாறு துடைக்கப்பட்ட பின்னும் 173 என்பது எளிதன்று. ரூத்தின் அறுபதிலும் கெரிக்குக்குப் பங்குண்டு. ரூத்தைத் தவிர்க்க விரும்பும் பந்தெறிபவர் அவருக்கு இலவசத் தளம் ஒன்றைத் தந்து அனுப்பிவிடலாம். ஆனால், அடுத்து மட்டையோடு காத்திருந்தவர் கெரிக் ஆயிற்றே! அவ்வாண்டு யாங்கீஸ் அணி 110 ஆட்டங்களில் வென்று, இறுதித் தொடரில் பிட்ஸ்பர்க் அணியை நான்கே ஆட்டங்களில் வீழ்த்தியது.

லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது கெரிக்குக்குக் கிடைத்தது. அதிலும் ஒரு நிழல் படிந்தது. முன்பு அவ்விருதைப் பெற்றவர் மீண்டும் பெறலாகாது என்பது அக்கால விதி. ரூத் 1923இலேயே அதனைப் பெற்றிருந்தார். ஆதலின், ரூத் போட்டியில் இல்லாததால் கெரிக் வென்றார் என்றனர் சிலர். மேற்கண்ட எண்களைப் படித்தவர் அவ்வாறு சொல்லத் தயங்குவர்.

1929இல் யாங்கீஸ் அணியினர் சட்டையின் முதுகில் எண்களை அணியத் தொடங்கினர். மட்டை பிடிக்கும் வரிசையே எண்ணாயிற்று. ரூத்துக்கு 3, கெரிக்குக்கு 4. 1932ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன்கள் அடித்தார். அதே நாளில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியை முப்பது ஆண்டுகள் நடத்திய ஜான் மெக்ரா பதவி விலகவே, பெருந்தலைப்பு அவருக்குப் போயிற்று. கெரிக் இதனைக் குறையாக எண்ணியதாகத் தெரியவில்லை. மறுநாளும் ஆடவந்தார்.

மறுநாளும் ஆடவருதல், அதுவே அவர் வழக்கம். 1925 ஜூன் முதல் நாள் தொடங்கிய வரிசை அறுபடாமல் சென்றது. முதுகுவலியிலும் விரல் முறிவிலும் ஆடினார். 1934ஆம் ஆண்டு ஒருமுறை, நிமிர இயலாத முதுகுவலியோடு பட்டியலில் முதற்பெயராக இடம்பெற்று, ஒருமுறை மட்டும் மட்டை பிடித்து, ஓர் அடி அடித்துவிட்டு வெளியேறினார். வரிசையைக் காக்கச் செய்த உத்தி அது என்று குறைகூறுவோரும் உண்டு. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், அதே 1934இல் லீக்கின் உயர்ந்த சராசரி, மிகுதியான ஹோம் ரன்கள், மிகுதியாகச் சேர்த்த ஓட்டங்கள் ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்றவரும் அவரே.

1938ஆம் ஆண்டு கெரிக்கின் சராசரி 0.295. 1925இல் முதல் தளம் அவருக்குக் கிடைத்தபோது இருந்த அதே எண். ஆனால், ஏறும்போது தொட்ட எண்ணும் இறங்கும்போது தொடும் எண்ணும் ஒன்றாகா. அடித்த பந்து முன்போல் தொலைவு செல்லவில்லை, கால்கள் தளர்ந்தன, காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. 1939இல் எட்டு ஆட்டங்களில் 28 வாய்ப்புகளில் நான்கே அடிகள். மே 2ஆம் நாள் டெட்ராய்ட் நகரில், தாம் ஆடினால் அணிக்குக் கேடு என்று கருதி, மேலாளரிடம் தாமே சென்று விலகிக்கொண்டார். தொடர்ந்து ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை 2130இல் நின்றது. அமெரிக்கப் பெருங்குழுக்களில் அவ்வெண்ணைப் பிறிதொருவர் கடக்க 1995ஆம் ஆண்டு வரவேண்டியதாயிற்று.

தம் முப்பத்தாறாம் பிறந்தநாளன்று மேயோ மருத்துவமனையில் நோயின் பெயரை அறிந்தார். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழியும் நோய் அது. பலருக்கு அறிவு மங்காது, உடல் மட்டும் அடங்கும். இன்றும் அமெரிக்க மக்கள் அந்நோயை அவர் பெயராலேயே அழைக்கின்றனர். ஜூலை 4ஆம் நாள் யாங்கீஸ் மைதானத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடி அவரைப் போற்றினர். கூச்சத்தால் பேச மறுத்து நின்றவர் பின்னர் ஒலிபெருக்கி முன் வந்தார். தம்மை நற்பேறுடையவராகவே கருதுவதாகக் கூறி, உடன் ஆடியோரையும் மைதானப் பணியாளரையும், தம்மைப் படிக்கவைக்க உழைத்த பெற்றோரையும், துணைவியையும் நினைவுகூர்ந்தார். அவ்வாண்டே அவருடைய நான்காம் எண்ணை இனி எவரும் அணிவதில்லை என யாங்கீஸ் அணி முடிவு செய்தது. பேஸ்பால் பெருங்குழுக்களில் ஓர் எண் அவ்வாறு ஓய்வு பெற்றது அதுவே முதன்முறை.

களத்தை விட்ட பின்னும் அவர் வீட்டில் அமர்ந்துவிடவில்லை. சிறையிலிருந்து நன்னடத்தையின்பேரில் விடுவிக்கப்படுவோரை ஆராயும் நியூயார்க் நகரக் குழுவில் உறுப்பினராகப் பணியாற்றினார். உடல் ஒத்துழையாத நிலை வரும்வரை அப்பணியைத் தொடர்ந்தார்.

1941ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் லூ கெரிக் இறந்தார். வாலி பிப்பின் இடத்தில் முதல் தளத்தில் நின்ற அந்த ஜூன் 2ஆம் நாளிலிருந்து அன்றோடு சரியாகப் பதினாறு ஆண்டுகள் நிறைந்திருந்தன. அவருக்கு அப்போது வயது 37. கிறிஸ்டினா உயிரோடிருந்தார்.