கற்றுக்கொண்டே கற்பித்த திரிசிரபுரம் மகாவித்துவான்

நம் சங்கத்துக் குடும்பங்களைச் சார்ந்த இளைஞர் சிலர், இக்காலத்தே மேற்படிப்புப் படித்து வரும்போதே தம் ஆசிரியருடைய ஆராய்ச்சிக்குத் துணைபுரிந்தும், தமக்கு இளைய மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லியும் வருகின்றனர். இவன் படிக்கின்றானா, ஊழியம் செய்கின்றானா என்று வீட்டிலுள்ள முதியோர் ஐயுற்று வினவுதலை நாம் கேட்டதுண்டு. படிப்பும் ஊழியமும் பிரித்தறிய இயலாதவாறு கலந்து நின்ற ஒரு பெரியாருடைய சரித்திரத்தை ஈண்டு ஒருவாறு எழுதப் புகுந்தோம். அவர் திரிசிரபுரம் மகாவித்துவான் ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்.

இவர் 1815-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில், சிதம்பரம் பிள்ளைக்கும் அன்னத்தாச்சியாருக்கும் புதல்வராகத் தோன்றினார். தந்தையார் முன்னர் மதுரை ஆலயத்துப் பணியில் இருந்தவராதலின், அத்தலத்து இறைவன் திருநாமமே குழந்தைக்கு இடப்பெற்றது. தந்தையாரிடமே இவர் தமிழ் கற்றார். குடும்பம் பின்பு சோமரசம்பேட்டைக்குப் பெயர்ந்தது. இவர்க்குப் பதினைந்து பிராயமளவில் தந்தையார் காலமாயினர். ஆசிரியரும் அவரே, குடும்பத்தைத் தாங்கியவரும் அவரே. இரண்டையும் ஒருங்கே இழந்த சிறுவரது நிலையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நிலையில் இவர் திருச்சிராப்பள்ளி நகரத்துக்கு வந்தார். அக்காலத்தில் உயர்ந்த தமிழ்க்கல்வி அளிக்கும் கலாசாலை ஒன்றும் அங்கே இல்லை. ஒருவரிடத்தில் இலக்கணம், மற்றொருவரிடத்தில் புராணம், வேறொருவர் வீட்டுப் பரணில் ஓர் ஏட்டுச்சுவடி என்று கல்வி ஊரெங்கும் சிதறிக் கிடந்தது. சுவடி உடையார் பலர் அதனைக் காட்டவும் மனம் இசையார். பிள்ளையவர்கள் உறையூர் முத்துவீர வாத்தியாரிடத்தும், மலைக்கோட்டை மௌனமடத்து வேலாயுத முனிவரிடத்தும் சென்று ஐயந் தீர்ந்தார். கிடைத்த ஏடுகளை இரவல் பெற்றுத் தம் கையாலேயே பிரதி செய்துகொண்டார்.

தண்டியலங்காரம் கற்ற வரலாறு சிறிது விரித்துரைக்கத் தக்கது. அந்நூலில் வல்லவர் நகரத்தில் அரியர். பிச்சையேற்று உண்டு தெருத்தெருவாகத் திரிந்த பரதேசி ஒருவர் அதனை நன்கறிந்தவர் என்று இவர் கேள்வியுற்றார். அவரோ ஓரிடத்தில் அமர்ந்து பாடஞ் சொல்லும் இயல்பினரல்லர். அவர் பிச்சைக்குச் செல்லும் வீதிகள்தோறும் இவரும் உடன் நடந்தார். அவர் விரும்பிய கஞ்சாவையும் தேடிக் கொடுத்து, மனம் மகிழ்ந்திருக்கும் சமயம் பார்த்து நூற்பொருளைக் கேட்டறிந்தார். கஞ்சா வாங்கிக் கொடுத்ததை இச்சஞ்சிகையில் எழுதலாமோ என்று நம்முள் ஒருவர் தடை கூறினார். அதனை மறைத்தால் அந்நாளைய மாணாக்கர் பட்ட பாடும் மறைந்துபோமாதலின் உள்ளவாறே எழுதினோம்.

இவ்வாறு தாம் கற்று வரும்போதே இவர் பிறர்க்குப் பாடஞ் சொல்லவுந் தொடங்கினார். கொள்ளிடத்துக்கு வடக்கேயுள்ள பூவாளூரிலிருந்து வந்த தியாகராச செட்டியார் இந்நகர வாசத்தில் வாய்த்த மாணாக்கருள் தலைசிறந்தவர். ஸ்ரீரங்கத் தீவிலே அரங்கநாதர் கோயிலுக்குக் கிழக்கே விளங்கும் திருவானைக்காவில் எழுந்தருளிய அம்மைமீது அகிலாண்டநாயகி மாலையும், அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழும் இயற்றினார். உறையூர்க்கும் ஒரு புராணம் பாடினார். சென்னைக்கும் சென்று காஞ்சீபுரம் சபாபதி முதலியார் முதலிய வித்துவான்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவற்றைக் கேட்டு வந்தார். பிற்காலத்தில் மாயூரத்தில் வாழ்ந்து, திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகவும் விளங்கினார்.

ஏடு தேடி அலைந்த அவரே, தம்மிடம் வந்தோரை ஒருபோதும் அலையவிட்டாரல்லர். கற்பித்தற்குக் கைம்மாறு பெறுதல் அவர் வழக்கமன்று; மாணாக்கர் பலர்க்கு உணவும் அளித்தார். வருவாய் நிலையற்றதாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தமையால் கடன் அவரை விட்டகலவில்லை. அவர் மனையினர் காவேரியாச்சியார் அவ்வில்லத்தை எவ்வாறு நடத்தினரோ! பெரியோர் சரித்திரங்களில் அடுக்களைக் கணக்கு எழுதப்படுவதில்லை. அவர்பால் கற்றோருள் சைவத் தம்பிரான்களும் அந்தணரும் செட்டியாரும் இருந்தனர். சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவரும், நாகூர்க் குலாம் காதிறு நாவலர் என்னும் முகம்மதியரும் இருந்தனர். சாதிச் சங்கமொன்றின் ஏட்டில் இதனைச் சொல்லாது விடுதல் முறையன்று.

அம்மாணாக்கர் புரிந்த பணி யாதெனின், பிள்ளையவர்கள் செய்யுட்களை மனத்திலேயே அமைத்துத் தடையின்றிச் சொல்லுவார். ஒரு மாணாக்கர் எழுத்தாணி கொண்டு ஏட்டில் எழுதிச் செல்லுவார். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களுள் பல இங்ஙனம் உருவாயின. எழுதுவோர்க்கு விரல் நோகும். ஆயினும் ஒரு காப்பியம் பிறக்கும் முறையை அருகிருந்து காணும் பேறு பிறர்க்கு வாய்ப்பதன்று. முதிர்ந்த மாணாக்கர் புதியவர்க்குப் பாடஞ் சொல்லுவர்.

1871-ஆம் ஆண்டு, பின்னர் மகாமகோபாத்தியாயராகிய உ. வே. சாமிநாதையர் பதினேழாம் பிராயத்தினராய் மாயூரத்திற்கு வந்து சேர்ந்தபோது, நைடதத்தைப் பாடஞ் சொல்லும்படி சவேரிநாத பிள்ளையே ஏவப்பெற்றார். அவர் அன்போடு கற்பித்தார். எனினும், பெரும்புலவரை நாடி வந்தும் அவர் வாயாற் கேளாமல் மற்றொரு மாணாக்கரிடம் கற்கின்றோமே என்ற ஏக்கம் ஐயரை வருத்தியது. குறை கூறவோ துணிவில்லை. வீட்டுத் தோட்டத்தில் நட்ட மரங்கள் தளிர் விட்டனவா என்று ஆசிரியர் காலைதோறும் ஆவலோடு பார்த்து வருவதை அவர் கவனித்தார். தாம் முன்னதாகவே எழுந்து தளிர்களைத் தேடி வைத்து, ஆசிரியர் வந்தவுடன் காட்டலானார். பேச்சு வளர்ந்தது, அன்பு வளர்ந்தது, ஆசிரியர் தாமே பாடஞ் சொல்லும் நாளும் வந்தது. பழந்தமிழ் நூல்களை ஆராய்ந்து பதிப்பித்த அப்பெரியார் முதலிற் செய்த ஆராய்ச்சி தளிர் ஆராய்ச்சியே. பின்பு அம்பர்ப் புராணத்தை ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் பணியும் அவர்க்குக் கிடைத்தது.

பிள்ளையவர்கள் 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ஆம் தேதி திருவாவடுதுறையில் தேகவியோகமாயினர். இறுதிக் காலத்தில் சவேரிநாத பிள்ளை தாங்கிக்கொண்டிருக்க, ஐயர் திருவாசகம் படித்தனர். திருச்சிராப்பள்ளியில் பாடங் கேட்ட தியாகராச செட்டியார் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராயிருந்து, 1880-ஆம் ஆண்டு தாம் விலகியபோது அவ்விடத்துக்கு ஐயரையே முயன்று அமர்த்தினார். ஐயர் தம் ஆசிரியர் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி 1933, 1934-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர்.