திடுக்கிடும் மூளையை ஆராய்ந்த பவ்லோவ்

எதிர்பாராத ஓசை எழுந்தால் நாம் கைவேலையை மறந்து, அது வந்த திசைக்குத் தலையைத் திருப்புகிறோம். பேரோசையாயின் கண்கள் இமைக்கின்றன, தோள்கள் குறுகுகின்றன. புதுவருட நள்ளிரவில் வாணவெடி கேட்டு உறக்கம் கலைந்து நடுங்குவோர் நம்மிடையே பலர். அதனைக் கோழைத்தனம் எனக் கருதி வெளியே கூற வெட்கப்படுவோரும் உளர். அவர்கள் ரஷ்ய விஞ்ஞானி இவான் பவ்லோவின் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

பவ்லோவ் 1849ஆம் ஆண்டு ரியாசான் நகரில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தார். தாமும் குருவாகும் பொருட்டு இறையியல் கற்றவர், விஞ்ஞானத்தின்பால் ஈர்க்கப்பட்டு 1870இல் சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் புகுந்தார். சமிபாடு பற்றிய ஆய்வுகளுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றார். உணவுக்கு முன் எழும் ஓசையைக் கேட்ட அளவிலேயே நாய்க்கு உமிழ்நீர் சுரக்கும் நிபந்தனைத் தெறிவினையே அவர் புகழை உலகெங்கும் பரப்பிற்று.

அவ்வாய்வில் ஓர் இடையூறும் இருந்தது. மாணவர் நாயொன்றை நன்கு பழக்கிய பின் ஆசிரியரை அழைப்பர். அவர் அறையினுள் நுழைந்ததும் நாய் அவரையே நோக்கும், உமிழ்நீர் சுரவாது. பவ்லோவ் அவ்விடையூற்றையே ஆராயத் தொடங்கினார். புதிதாக ஏதேனும் நிகழின், அது யாதென அறியும் பொருட்டு உயிர்கள் கண்ணையும் செவியையும் அதன்பால் திருப்புகின்றன. ஏனைய செயல்கள் அக்கணம் தடைப்படுகின்றன. அதுவே தீங்கின்றிப் பன்முறை நிகழுமாயின் மூளை அதனைப் பொருட்படுத்தாது விடுகிறது. உயிர்காக்கும் தெறிவினை இது என அவர் கண்டார்.

1917ஆம் ஆண்டுப் புரட்சியைத் தொடர்ந்து பசியும் குளிரும் ஆய்வுகூடத்தை வாட்டின. 1920இல் நாட்டைவிட்டு வெளியேற அவர் அனுமதி கோரினார். லெனினின் அரசு அவரை இழக்க விரும்பவில்லை. 1921 ஜனவரியில் தனி ஆணை பிறப்பித்து அவருக்கு வேண்டிய வசதிகளை அளித்தது. புலம்பெயர எண்ணியவர் தம் மண்ணிலேயே தங்கினார்.

1924 செப்டெம்பர் 23ஆம் நாள் லெனின்கிராட் நகரை நேவா நதியின் வெள்ளம் சூழ்ந்தது. கூடுகளில் அடைபட்டிருந்த நாய்களைப் பணியாளர் பெரும்பாடுபட்டு மீட்டனர். உயிர் தப்பிய நாய்களுள் சில, பழகியவற்றை இழந்திருந்தன. ஒரு நாய், பழகிய ஆய்வாளர் அருகில் இருந்தபோது மட்டும் முன்போல் இயங்கிற்று. நாளடைவில் அது தேறிய பின், கதவின் கீழாகச் சிறிது நீரை ஓசையின்றி வழியவிட்டனர். அந்நாய் பதறி எழுந்து நிலத்தையே நோக்கிற்று. தேறியது மீண்டும் குலைந்தது. வெள்ளம் வடிந்து நெடுநாளாகியும் மூளை அதனை மறக்கவில்லை.

பேரோசை கேட்டு நாம் இமைப்பது நொடியின் 20இல் ஒரு பங்குக்குள் நிகழ்வதென இன்று அறிகிறோம். மூளைத்தண்டில் தொடங்கும் அச்செயல், நாம் எண்ணத் தொடங்குமுன்னரே முடிந்துவிடுகிறது. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதி அதன் வலிமையைக் கூட்டவல்லது. கொடுமை கண்டவரிடம் அது மிகுதியாதல் இயல்பே. அதனை வைத்தியரிடம் கூறத் தயங்கலாகாது.

பவ்லோவ் 1936 பெப்ரவரி 27ஆம் நாள், தமது 86ஆம் வயதில் காலமானார். விமான ஒலி கேட்டு வானத்தை அண்ணாந்து பார்க்கும் முதியவரை நம் இல்லங்களில் எவரும் எள்ளி நகையாடாதிருப்போமாக. அவர் அருகில் சற்று அமர்ந்திருப்போம். அந்நாய்க்கு உதவியதும் அருகிருந்த துணையே அன்றோ!