கல் திரட்டிய கலைஞானி

விடுதியில் என் மேசைமேல் கையகலப் பச்சைக் கல் ஒன்று கிடக்கிறது. மத்தியப் பிரதேசத்து மலாஞ்ச்கண்ட் செம்புச் சுரங்கப் பகுதிக்கு வகுப்போடு சென்றபோது எடுத்து வந்தது. பாசி பிடித்த கல்லைக் கழுவாமல் ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்காத தமிழ் நண்பர் இல்லை. அது பாசியன்று, மலாக்கைட்டு என்னும் கனிமம். செம்பும் நீரும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் மண்ணுக்குள் நெடுங்காலம் கூடி விளைந்த பச்சை. நம் பாட்டிமார் புளியிட்டுத் துலக்கிய செம்புக் குடத்துக் களிம்புக்கு நெருங்கிய உறவு.

புனேயில் கல் திரட்டுவோர்க்குப் பஞ்சமில்லை. ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறைமேல் இந்நகரம் அமர்ந்திருக்கிறது. அப்பாறையின் பொந்துகளில் அப்போஃபில்லைட்டு, ஸ்டில்பைட்டு முதலிய படிகங்கள் பூத்துக் கிடக்கின்றன. நகரின் மேற்கே பாஷாண் என்றோர் இடம். மராத்தியில் பாஷாண் என்றால் கல். நம் ஊரில் பாஷாணம் என்றால் எலிக்கு வைப்பது! இப்பக்கத்துப் பச்சை அப்போஃபில்லைட்டு உலகப் புகழ் பெற்றது. நல்ல கற்களில் பெரும்பாலானவை கடல் கடந்து போய்விடுகின்றன.

இப்படிக் கல் திரட்டுவதில் தொடங்கி, பின்னர் உலகம் வியக்கும் கலைஞானியாக உயர்ந்த தமிழர் ஒருவர் உண்டு. ஆனந்த குமாரசுவாமி என்றதும் தில்லைக் கூத்தனின் ஆடலுக்குப் பொருள் விரித்தவர் என்று நம்மவர் சொல்லிவிடுவர். அவர் நம்மைப் போல ஓர் அறிவியல் மாணவராக இருந்தவர் என்பதைப் பலர் அறியார்.

1877 ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்துக்குமாரசுவாமி ஈழத் தமிழர். இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் தந்தவர். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அவருக்கு மருமக்கள். தாயார் எலிசபெத் ஆங்கிலப் பெண்மணி. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பு முன்பே தாயார் அதை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். பின்னாலேயே புறப்பட இருந்த தந்தையார் 1879இல் கொழும்பிலேயே காலமானார். தந்தை முகம் அறியாமல், தந்தை மொழி கேளாமல் வளர்ந்தது அப்பிள்ளை. பிறந்த மண்ணை அவர் முதலில் அடையாளம் கண்டது அதன் பாறைகள் வழியாகத்தான்.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் மண்ணியலும் தாவரவியலும் பயின்று 1900இல் முதல் வகுப்பில் தேறினார். அதே ஆண்டில் ஈழத்துப் பாறைகளையும் பென்சிற்கரியையும் பற்றிய அவரது ஆய்வுரை லண்டன் மண்ணியற் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. எனக்கும் அதே வயதுதான். என் ஆய்வுரையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

1903இல் இலங்கைக் கனிம அளவைத்துறைக்கு இயக்குநரானார். நான்கு ஆண்டுக் காலம் மலையும் காடும் ஆற்றுப் படுகையுமாகத் திரிந்தார். கண்டிப் பகுதியில் கிடைத்த நீலக் கனிமம் ஒன்றை, பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த பிரையர் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்து, புதியதென்று 1903இல் அறிவித்தார். இலங்கைக்கு அராபியர் வழங்கிய செரந்தீப் என்னும் பழம்பெயரால் அதற்குச் செரந்திபைட்டு என்று பெயரிட்டனர். மாணிக்கம் அரிக்கும் சரளையில் கனமான கரிய சிறு கனசதுரங்களும் கிடைத்தன. யுரேனியத் தாது என்றே முதலில் எண்ணினர். லண்டனில் டன்ஸ்டன் என்பவர் பகுத்துப் பார்த்தபோது எடையில் முக்கால் பங்கு தோரியம் ஆக்ஸைடாக இருந்தது. 1904இல் அதற்குத் தோரியனைட்டு என்று பெயர் வந்தது. இந்தப் புகழ் முழுவதையும் குமாரசுவாமிக்கே சூட்டும் கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். அது முறையன்று. பலர் கைபட்ட கண்டுபிடிப்பு அது. அவர் பங்கு அதில் பெரிது. அந்த அளவு போதாதா?

கல் தேடிப் போன ஊர்களிலெல்லாம் வேறொன்றும் அவர் கண்ணில் பட்டது. கம்மியரும் தச்சரும் நெசவாளரும் தொழில் இழந்து நின்றனர். இறக்குமதிச் சரக்கு அவர்கள் பட்டறைகளை மூடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய வேலைப்பாடுகளைக் குறிக்கத் தொடங்கினார். துணைவியார் எதல் படம் பிடித்தார். அதன் விளைவே 1908இல் வந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல். வில்லியம் மாரிஸ் கையாண்ட அச்சுப்பொறியிலேயே, தாமே அருகிருந்து, 425 படிகள் மட்டும் அச்சிட்டார்.

மண்ணியலைக் கைவிட்டுக் கலைக்குத் தாவினார் என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல் எடுப்பவன் முதலில் செய்வது அது கிடைத்த இடத்தைச் சீட்டில் எழுதி ஒட்டுவது. சீட்டுப் போன கல் வெறுங்கல். என் பெட்டியில் அப்படி நாலைந்து உண்டு. அவற்றை அறிவியலுக்கென்று எடுத்துக்காட்ட முடியாது. குமாரசுவாமி ஓவியங்களையும் சிலைகளையும் அந்தக் கண்கொண்டே பார்த்தார். முகலாய ஓவியம் என்று ஒரே குவியலில் கிடந்தவற்றிலிருந்து இராசபுத்திர ஓவியத்தை இனம் பிரித்து, 1916இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். பாறையின் அடுக்குகளைப் பிரித்துப் பழகிய கை அது.

பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் ஆடல்வல்லானும் நாயன்மாரும் செப்புத் திருமேனிகளாக வெளிவந்தனர். கொழும்பு அருங்காட்சியகத்தில் அமர்ந்த அவற்றையும் பிறவற்றையும் விளக்கி 1914இல் அவர் ஒரு நூல் எழுதினார். மண்ணில் நெடுநாள் கிடக்கும் செம்பில் மலாக்கைட்டு படரும். என் மேசைக் கல்லும் அத்தகைய திருமேனியின் பச்சையும் ஒரே பொருள். இறுகிப் படிந்த பச்சை உலோகத்தைக் காக்கும். உப்பு கலந்து மாவாக உதிரும் வெளிர்ப் பச்சையோ சிலையையே அரித்துத் தின்றுவிடும். ஈரம் அண்டாத பெட்டியில் வைத்தாக வேண்டும். பச்சை என்றதும் புளியைத் தேடுவோர் இதைக் கவனிக்க. உயிரோடு ஒட்டிய மலத்துக்குச் செம்பிலுள்ள களிம்பை உவமை காட்டுவது சைவ சித்தாந்தம். அச்சித்தாந்த நூல்களைத் துணைக்கொண்டுதான் கூத்தனின் ஆடலுக்கு அவர் பொருள் கண்டார். செம்பையும் களிம்பையும் ஆய்வுக்கூடத்தில் அறிந்தவர் அவ்வுவமையைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

இனிச் சொல்வது கசப்பான செய்தி. இந்தியா முழுதும் அலைந்து திரட்டிய ஓவியங்களையும் சிற்பங்களையும் காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைத்தால் தந்துவிடுவதாகச் சொன்னார். ஏற்க ஒருவரும் முன்வரவில்லை. அமெரிக்கச் செல்வர் டென்மன் ராஸ் அத்திரட்டை வாங்கிப் போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு அளித்தார். 1917இல் குமாரசுவாமியும் அதன் காப்பாளராக அங்கே சென்றார். விலை கொடுத்தவரைக் குறை கூற எனக்கு மனமில்லை; வாசலில் வந்து நின்ற செல்வத்தைத் திருப்பி அனுப்பியவர் நாம்.

முப்பது ஆண்டுகள் போஸ்டனில் பணியாற்றினார். அங்குள்ள இந்தியப் பொருள்களுக்கு விரிவான அட்டவணைகள் வகுத்தார். 1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. அதே மாதம் 22ஆம் நாள், தம் எழுபதாவது பிறந்தநாள் விருந்தில், இந்தியாவுக்குத் திரும்பி எஞ்சிய நாளைக் கழிக்கப்போவதாக நண்பர்களிடம் அறிவித்தார். பதினெட்டாம் நாள், செப்டம்பர் 9 அன்று, நீடம் என்னும் ஊரிலிருந்த தம் வீட்டில் மறைந்தார். அவர் திரட்டு போஸ்டனிலேயே இருக்கிறது.